உதடு அசையும் வேகம்

எங்கள் மாவு மில்லுக்குள் யாரும் காதால் கேட்பதில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டால் பெல்ட் ஓடும் சத்தமும் கல் உரசும் சத்தமும் தகரக் கூரையில் மோதித் திரும்பி வரும். அரைக்க வருகிறவர்கள் தூக்கை நீட்டிவிட்டு வாயை மட்டும் அசைப்பார்கள். நைசாகவா, ரவை பதமா, புட்டுக்கா, அதிரசத்துக்கா என்பதை நான் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் தெரிந்துவிடும். வைத்திக்குப்பத்திலிருந்து குழம்புத்தூள் அரைக்க வரும் மீன்காரப் பெண்களில் ஒருத்தி ஒரு முறை, "இந்த ஆளு எப்பப் பாரு வாயில கொழுக்கட்டைய வச்சிகினு இருக்கான்டி" என்றாள். அவளுக்குத் தூளை அள்ளிக் கொடுக்கும்போது, இன்றைக்குக் கொழுக்கட்டை தீர்ந்துவிட்டது என்று சொல்லலாமா என்று நினைத்தேன். தூக்கை மூடி நீட்டினேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரலை நானே கேட்கக் கூசுவேன். மில் வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அந்தச் சத்தம்தான். சத்தத்துக்கு நடுவில் நிற்பவனை ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் சத்தம் தன் பங்கை எடுத்துக்கொண்டது. நாற்பதைத் தாண்டியபோது எனக்குக் காது மந்தமாகிவிட்டது. எதிரில் நின்று பேசுபவர்களை உதட்டை வைத்துச் சமாளித்துவிடுவேன். டெலிபோனைக் காதில் வைத்தால், தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல இருக்கும். சொல் பிரியாது.

மில்லுக்குப் பின்னால் வீடு. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான், முன்னால் தொழில், பின்னால் அடுப்பு. எங்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் மில்லுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, சத்தமே இல்லாமல் வாயை அசைத்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள். நானும் சத்தமில்லாமல் பதில் சொல்வேன். என் உதட்டைப் படிக்க அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் வாழ்க்கையில் அதிகம் பேசியது அவளிடம்தான், அதுவும் குரல் இல்லாமல். என் மனைவிக்கு அது பிடிக்காது. "அப்பனும் பொண்ணும் ஊமப் படம் ஓட்டுறாங்க. என்னப் பத்தித்தான் ஏதோ பேசுதுங்க" என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். சில நாள் அவளைப் பற்றித்தான் பேசியிருப்போம்.

எங்கள் ஊரில் 'நேஷனாலிட்டி' என்றால் பிரெஞ்சு நேஷனாலிட்டி. வேறு எதையும் குறிக்காது. மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறையாக நேஷனாலிட்டி. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை இங்கே சொல்தா என்போம். குடும்பம் பாரிசுக்குப் பக்கத்தில் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று தெருவே எங்கள் வாசலில் நின்றது. மகளும் சம்மதித்தாள். கல்யாணம் முடிந்து விசா வந்து அவள் போனபோது, மாவு அரைக்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஏதோ நான் பறந்து போவதுபோல.

சம்மந்தி வீட்டார் இங்கே இருந்த தங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது, மேசையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கேமரா, மைக்கோடு எங்களுக்குக் கொடுத்தார்கள். "எங்களுக்கு இது பழசு சம்மந்தி. பொண்ணோட பேசிக்கலாம், பாத்துக்கலாம்" என்றார் சம்மந்தி. பிரான்சிலிருந்து எப்போதோ கொண்டுவந்த பெட்டி. அதன் கீபோர்டில் எழுத்துகள்கூடப் பிரெஞ்சு வரிசையில் இருந்தன. எனக்கு அதனால் நஷ்டமில்லை. எந்த வரிசையும் தெரியாதவனுக்கு எல்லா வரிசையும் ஒன்றுதான். தெருவில் அப்போதுதான் பிராட்பேண்டு வந்திருந்தது. டெலிபோன் ஆபீசிலிருந்து வந்தவர் லைனை மாட்டிவிட்டு, எதை எதை அழுத்த வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார். அதை மட்டும் நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் மில்லுக்கு லீவு. அங்கே அப்போது மத்தியானம். மனைவி தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். பக்கத்தில் நான் ஸ்டூலில். மணி அடிப்பதுபோல ஒரு சத்தம் வரும், மகள் முகம் வரும். வந்ததும் அப்படியே நின்றுவிடும். பாதி திறந்த வாய், மேலே போன ஒரு புருவம். பேச்சு மட்டும் ஸ்பீக்கரில் ஓடும். ரொம்ப நேரம் கழித்து அந்தப் படம் கலைந்து வேறொரு படம் வரும். அதுவும் நிற்கும். சினிமா வாசலில் ஒட்டியிருக்கும் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பதுபோல. மனைவிக்கு அதுவே போதும். அவளுக்குக் காது இருந்தது. "பாருங்க, கன்னம் வச்சிருக்கு. அந்தக் குளுருல நல்லா சாப்புடுறா" என்று திரையைத் தடவுவாள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. ஸ்பீக்கரில் வருவது எனக்கு வெறும் இரைச்சல். திரையில் இருப்பது அசையாத உதடு. மகள் போனதிலிருந்து அவள் பேசி நான் கேட்ட ஒரு வார்த்தை இல்லை. மனைவி திருப்பிச் சொல்வதுதான் எனக்குச் செய்தி. மனைவி சொன்னால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அவள் வாயிலிருந்து கெட்ட செய்தி வந்து நான் பார்த்ததில்லை. "நல்லா இருக்காளாம், வீடு சுத்தமா இருக்காம், மாமியா ஒண்ணும் சொல்றதில்லையாம்." ஒரு பெண் கதவில் சாய்ந்து நின்று ஒரு மணி நேரம் சொல்வதை இப்படி மூன்று வரியாக்கிக் கொடுத்தால் எப்படி?

ஒரு ஞாயிறு நான் மனைவியைக் கேட்கச் சொன்னேன், படம் ஏன் ஓடவில்லை என்று. மாப்பிள்ளைதான் பதில் சொன்னார். மனைவி எனக்குச் சொன்னாள்: "அது பழைய ப்ராசசராம். வீடியோவத் தாங்காதாம். அதுக்குப் போயி எதுவும் பண்ணிகினு இருக்காதீங்க மாமா, வாய்ஸ் போதும்லன்றாரு."

வாய்ஸ் போதும் என்று என்னிடம் சொன்ன அந்த மனிதருக்கு என் காது விஷயம் தெரியும். மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படியின் அடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. நான் வாசலில் நின்றேன். உள்ளே முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கம்ப்யூட்டர் ஒன்றைத் திறந்துபோட்டுப் பல் தேய்க்கும் பிரஷால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு இல்லண்ணே, வில்லியனூர் போயிருக்காரு" என்றாள்.

நான் திரும்பிப் போகப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? பில்லு போடறதுக்குத்தான் அவரு. ரிப்பேருன்னா என்கிட்டதான் சொல்லணும். என்னா ப்ராப்ளம்?"

"புரொபசர் மாத்தணும்" என்றேன்.

பிரஷ் நின்றது. "புரொபசர மாத்தணும்னா காலேஜுல போயி கேளுங்கண்ணே. இங்க ப்ராசசர்தான் மாத்துவோம்."

எனக்குக் காதோரம் சுட்டது. போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அவள் வாயை நன்றாகத் திறந்து, சொல்லுக்குச் சொல் உதட்டைக் குவித்தும் விரித்தும் பேசுகிறவள். ஒரு எழுத்துகூட நழுவாமல் எனக்கு விளங்கியது. அப்படிப் பேசுகிறவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். அதற்காகவே நின்றேன்.

மறுநாள் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப் போனேன். பக்கத்து மூடியைக் கழற்றியதும் அவள் தும்ம ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வரும்வரை தும்மினாள். உள்ளே விசிறியின் மேல் அரிசி மாவு அப்பியிருந்தது. அதன் மேல் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள். காற்றுப் போவதற்காக விட்டிருந்த துளைகளை ஆயுத பூஜைக்கு என் மனைவி வைத்த சந்தனம் அடைத்திருந்தது.

"என்னாண்ணே இது, மாவு மில்லுலயா வச்சிருந்தீங்க?"

"ஆமா."

"வெளையாட்டுக்குக் கேட்டேன், நெஜமாவேயா?" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "வெங்காயம் மட்டும் போட்டா பக்கோடாவே போட்டுடலாம். பாவம், சாமிய மூக்கப் பொத்திக் கும்பிட்டிருக்கீங்க."

பிரஷாலும் ஒரு ஊதுகுழாயாலும் எல்லாவற்றையும் சுத்தம் செய்தாள். விசிறியையும் அதன் கீழே இருந்த அலுமினியத் தகடுகளையும் கழற்றி, அடியிலிருந்து ஒரு சின்னச் சதுரத்தை எடுத்துக் காட்டினாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சீப்புப் பல்போல ஊசி ஊசியாகக் கால்கள்.

"இதாண்ணே மூள. மத்ததெல்லாம் கை காலுதான். இதுக்கு வேகம் பத்தல. அந்தப் பக்கத்துலேர்ந்து படம் ஒழுங்காத்தான் வருது. இது ஒண்ணொண்ணாப் பிரிச்சிப் பாத்து எடுத்துக் காட்டறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்குது. திணறிப்போயி விட்டுடுது."

"வேகமா ஒண்ணு போடுங்க."

"இப்ப வர்றது எதுவும் இந்த போர்டுல ஒக்காராது. காலே வேற. இதே வகையில பெரிசா ஒண்ணு பழசுலதான் தேடணும். புதுக் கம்ப்யூட்டரே வாங்கிடுங்களேன்."

"சம்மந்தி குடுத்தது" என்றேன்.

சம்மந்தி கொடுத்ததை மாற்றினால் என்ன பேச்சு வரும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. பிறகு, "யாரப் பாக்கறதுக்கு?" என்றாள்.

"பொண்ணு. பிரான்சுல."

"நல்லா இருக்காங்களா?"

"தெரியல" என்றேன். அந்தக் கேள்விக்கு நல்லா இருக்கா என்றுதான் சொல்லிப் பழகியிருந்தேன். வாயில் ஏன் அது வந்தது என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அவள் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அந்தச் சதுரத்தைத் துணியில் துடைத்தாள்.

பழைய சதுரத்தையே திரும்ப மாட்டிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பல வாரங்கள் பெரியது கிடைக்கவில்லை. ஞாயிறுகள் பழையபடியே, நின்ற முகங்களோடு போயின. பிறகு எங்கோ மூடிவிட்ட பிரவுசிங் சென்டரின் பெட்டிகள் எடைக்கு வந்தபோது, அதில் ஒன்றிலிருந்து அவள் எங்களுக்குத் தேவையானதை எடுத்து வைத்திருந்தாள். "வேகம் ஒரு ஜிகாண்ணே. இந்த போர்டு தாங்குறதுல இதான் பெரிசு. இதுக்கு மேல கேக்கக் கூடாது" என்றாள்.

மாட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். சதுரத்தின் ஒரு மூலையில் கால்கள் குறைவு. அந்த மூலை சரியான மூலையில் இறங்க வேண்டும். அவள் அழுத்தவில்லை. மேலே வைத்ததும் தன் கனத்திலேயே உள்ளே போனது. பக்கத்துக் கம்பியை மடக்கினாள். உச்சியில் வெள்ளைப் பசையைக் கடுகளவு வைத்து, அதன் மேல் தகடுகளையும் விசிறியையும் உட்காரவைத்தாள். சுவிட்சைப் போட்டதும் பெட்டி கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது. அவள் ஒரு சின்னப் பலகையை உருவி, பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் அதன் ஓரத்தை அழித்துவிட்டுத் திரும்பச் செருகினாள். வெளிச்சம் வந்தது.

"கேமராவப் போட்டுப் பாப்போம். நேரா பாருங்கண்ணே."

திரையில் நான் இருந்தேன். புருவத்தில் மாவு. நான் கண்ணைச் சிமிட்டியபோது அதுவும் சிமிட்டியது. சும்மா வாயை அசைத்துப் பார்த்தேன். உதடு எப்போது மூடுகிறது, எப்போது திறக்கிறது என்பது அப்படியே தெரிந்தது.

"என்னாண்ணே, வாய் மட்டும் அசையுது, சத்தமே வரல? மைக்கு இங்க இருக்கு, இதுல பேசுங்க" என்றாள் அவள். நான் சிரித்தேன். அவள் கடையில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த ஞாயிறு மணிச் சத்தம் கேட்டு முகம் வந்தது. நிற்கவில்லை. மகள் முடியை ஒதுக்கினாள். திரும்பி யாரையோ பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். "ஐயய்யோ, அசையுதுங்க!" என்று மனைவி என் தொடையில் அடித்தாள். மகளின் உதடு பிரிந்து, குவிந்து, பிரிந்தது. 'அப்பா, எளச்சிட்டீங்களே.' பிற்பாடு மனைவி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். மகள் சிரித்தாள். எவ்வளவு நாள் கழித்து அவள் பேச்சு எனக்கு வந்து சேர்ந்தது. கதவில் சாய்ந்து நிற்பதுபோலவே இருந்தது. மில்லில் மோட்டார் ஓடவில்லை என்பது ஒன்றுதான் குறை.

கொஞ்ச நேரம் அப்படிப் போனது. மனைவி பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைச் சொன்னாள், மகள் என்ன புடவை என்று கேட்டாள். நடுவில் மனைவி ஸ்பீக்கரைத் தட்டினாள். "சத்தம் நின்னுபோச்சி. என்னாங்க, எதையாவது புடுங்கி வுட்டீங்களா?"

சத்தம்தான் நின்றிருந்தது. படம் ஓடியது. அந்தப் பக்கத்தில் பேச்சை மட்டும் நிறுத்திவைக்க ஒரு பொத்தான் உண்டு என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. மகள் எங்களைப் பார்த்த முகத்தோடு, கண்ணை மட்டும் ஓரத்துக்குத் திருப்பி, பக்கத்தில் இருந்த யாருக்கோ ஒன்று சொன்னாள்.

'சிரிச்சிகினுதான இருக்கேன். இன்னும் என்னா பண்ணணும்?'

சொல்லும்போதும் அந்தச் சிரிப்பு குறையவில்லை. பல் தெரிந்தபடியே இருந்தது.

பிறகு சத்தம் வந்தது. "லைன் கட்டாயிடுச்சிம்மா" என்றாள். "அதான பாத்தேன்" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து என் வேலை அந்த இரண்டு வரியை மாற்றுவதாக இருந்தது. உதட்டைப் படிப்பது எழுத்தைப் படிப்பது போன்றதல்ல. ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான். க, ச, த எல்லாம் வாய்க்குள் நடப்பவை, வெளியில் தெரியாது. பாதியைக் கண் பார்க்கும், மீதியை மனம் நிரப்பும். நான் தப்பாக நிரப்பியிருக்கலாம். வீட்டில் யாரும் இல்லாதபோது பீரோக் கண்ணாடி முன் நின்று, அதே மாதிரி உதடு அசையக்கூடிய வேறு வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தேன். பிரிச்சிகினு என்றால் முதலில் உதடு மூடும். அவள் உதடு மூடவில்லை. அரிச்சிகினு என்றால் வாய் அகலும். அகலவில்லை. மில்லில் மாவைத் தட்டிக்கொண்டே யோசிப்பேன். ஒரு பெண் கேழ்வரகை நீட்டி எதையோ கேட்டுக்கொண்டு நிற்பாள், நான் அவள் வாயைப் பார்த்தபடி வேறு எங்கோ இருப்பேன். கடைசியில் பொருத்தமாக இன்னொன்று கிடைத்தது: எரிஞ்சிகினுதான இருக்கேன். அதோடு தேடுவதை விட்டுவிட்டேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். "அவ நல்லா இருக்கறாப்ல தெரியல."

"உங்களுக்கு யாருதான் நல்லா இருக்காங்க? வாயாரச் சிரிக்குது புள்ள. அதப் போயி பாத்துப் பாத்துக் கண்ணு வைக்காதீங்க."

"சத்தம் நின்னப்ப என்னமோ சொன்னா."

"சத்தம் நின்னப்ப சொன்னது உங்களுக்கு மட்டும் கேட்டுச்சா? நல்ல காதுங்க உங்களுது." அவள் சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றினாள். அந்தச் சிரிப்பை நான் எப்படிப் பிடுங்குவது? பிடுங்கினாலும் அவள் சும்மா இருப்பவள் அல்ல. அடுத்த ஞாயிறே மைக்கில் கத்துவாள். பக்கத்தில் இருக்கும் அந்த ஆள் கேட்பான். திரை இருண்ட பிறகு அந்த வீட்டுக்குள் நடப்பதை யார் போய்ப் பார்ப்பது?

வாராவாரம் பார்த்தேன். சில வாரம் எதுவும் இல்லை, நான் நிம்மதியாகிவிடுவேன். பிறகு ஒரு வாரம் சத்தம் நிற்கும். 'சரி, அதச் சொல்லல' என்பாள் ஓரத்துக்கு. ஒரு வாரம், 'கைய எடுங்க' என்றாள். மேசைக்கு மேலே அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. அதற்குக் கீழே நடப்பது கேமராவுக்கும் தெரியாது. மனைவி ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் பெட்டியைத் தொட்டேன். சூடாக இருந்தது. உள்ளே விசிறி சுற்றுவது கையில் தெரிந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஒரு அசைவைக்கூட விடாமல் பிரித்து எடுத்து என் முன்னால் வைத்தது. திணறிப்போய் விட்டுவிடுவது அதற்குப் பிறகு என் வேலையாகிவிட்டது.

டெலிபோன் எனக்கு உதவாது. போனை எடுப்பவள் மாமியார். மகளுக்கென்று தனிப் போன் கிடையாது. கடிதம் எழுதலாம் என்றால் அங்கே பெட்டியைத் திறப்பது யார் என்று தெரியாது. நேரில் போவதென்றால் அவர்கள் கூப்பிட வேண்டும், அவர்கள் கையெழுத்து வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் மகளிடம் போக வேண்டியிருந்தது. தெருவில் யாரிடமாவது சொல்லலாம் என்று நினைப்பேன். அவர்கள் என்னைப் பார்த்ததும், "என்னாப்பா, எப்ப பிரான்சு போற?" என்பார்கள். நான் மாவுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு மனைவி வீட்டில் இல்லை. அவள் தங்கைக்கு ஆபரேஷன், துணைக்குக் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் தனியாக உட்கார்ந்து, மனப்பாடம் செய்திருந்ததை அழுத்தினேன். மகள் வந்தாள். 'அம்மா எங்கப்பா?' மைக்கைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினாள். எங்கள் இருவருக்கும் நடுவில் பேச வேறு யாரும் இல்லை. நான் மைக்கின் ஒயரைப் பெட்டியிலிருந்து உருவினேன். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்து, கேமராவுக்கு நேராக முகத்தை வைத்து, சத்தமில்லாமல் சொன்னேன்.

'வந்துடும்மா. டிக்கெட்டு நான் போடறேன். யாரு என்னா சொன்னாலும் பரவால்ல. வந்துடு. அப்பா இருக்கேன்.'

நிதானமாகச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். திரையின் மூலையில் என் முகமும் சின்னதாகத் தெரிந்தது. அதில் என் உதடு தடங்கல் இல்லாமல் அசைந்தது.

காதால் கேட்பவர்களின் கண் அங்கும் இங்கும் போகும். உதட்டைப் படிப்பவர்கள் இமைக்கமாட்டார்கள். இமைத்தால் ஒரு எழுத்து போய்விடும். மகள் இமைக்கவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கண் என் வாயில்தான் இருந்தது. கீழ் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. பிறகு கண் ஓரத்துக்குப் போனது. திரும்பி வந்தபோது அதில் ஒன்றும் இல்லை.

'அப்பா, படம் நின்னுபோச்சி' என்றாள். வாயை நன்றாகத் திறந்து, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்க வேண்டும். 'நீங்க அசையவே மாட்டேங்கறீங்க. சத்தமும் வரல. உங்க சிஸ்டம் பழசுல்ல.'

திரை இருண்டது.

மறுநாள் மில்லைத் திறக்கவில்லை. ரிப்பேர் கடைக்குப் போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், "என்னாண்ணே, ஓடலையா?" என்றாள்.

"ஓடுது. நல்லா ஓடுது. இங்க ஓடறப்ப அங்க நின்னுபோவுமா?"

"போவும்ணே. அவங்க பக்கம் லைன் இழுத்துச்சின்னா நீங்க அங்க செல மாதிரி நிப்பீங்க. நீங்க பேசறது எதுவும் அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப நெஜமாவே நின்னிருக்கும்?"

"நின்னிருக்கலாம். நிக்காமயும் இருந்திருக்கலாம். அங்க ஒக்காந்திருந்தாத்தான் தெரியும். ஏண்ணே?"

நின்றுபோன படத்தை ஒருவர் அவ்வளவு நேரம் இமைக்காமல் பார்ப்பாரா என்று கேட்க வந்தேன். உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை. அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்கண்ணே, டீ சொல்றேன்" என்றாள். நான் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மனைவி திரும்பி வந்திருந்தாள். மணிச் சத்தம் வந்தது. முகம் வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். மனைவி எனக்குத் திருப்பிச் சொன்னாள்: "அங்க கேமரா கெட்டுப்போச்சாம். மாப்ள சொல்றாரு, வாய்ஸ் போதும்லன்னு."

அந்தக் கேமரா அதற்குப் பிறகு சரியாகவே இல்லை. வருஷங்கள் போய்விட்டன, மகள் அங்கேதான் இருக்கிறாள். நான் வாயை அசைத்தேன், அதனால்தான் கேமரா போனது என்று எனக்குத் தெரியும். அவள் போய்ச் சொன்னாளா, பக்கத்தில் இருந்தவன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டானா, அது தெரியாது. அவளுக்கு என்னைப் பார்க்கத் தெம்பில்லாமல் அவளே பிடுங்கிப்போட்டாளா என்பதும் தெரியாது. மூன்றையும் நினைத்துப் பார்க்காத நாள் இல்லை. எது பரவாயில்லை என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று மனைவி வழக்கம்போல நிறையப் பேசினாள். தங்கையின் ஆபரேஷன், ஆஸ்பத்திரிச் சாப்பாடு, பக்கத்துக் கட்டில்காரி அடித்த கூத்து. அங்கிருந்து வருவதைக் கேட்டுச் சிரித்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து சாம்பல் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் இரைச்சல் ஏறியது, இறங்கியது. அதில் எது என் மகள், எது லைன் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "அப்பா என்னா பண்றாருன்னு கேக்கறா. என்னா சொல்லட்டும்?"

"கேட்டுகினு இருக்காருன்னு சொல்லு" என்றேன்.